கணக்கு யாருக்குப் புரிய வேண்டும்?

மாதக் கடைசி வந்துவிட்டால் பல அலுவலகங்களில் ஒரு கூட்டம் நடக்கும். ராஃபிள்ஸ் பிளேசில் உள்ள பெரிய நிறுவனமானாலும் உட்லண்ட்சில் உள்ள சிறிய தொழிற்கூடமானாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். நிதிப் பிரிவைச் சேர்ந்தவர் எக்செல் அட்டவணை ஒன்றைத் திரையில் காட்டுவார். நாற்பது வரிசை, பன்னிரண்டு பத்தி. எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். அவர் ஒவ்வொரு வரிசையாக வாசிப்பார். விற்பனைப் பிரிவினர், கிடங்கு மேற்பார்வையாளர், மனிதவளப் பிரிவினர் எல்லாரும் தலையசைப்பார்கள். "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்கப்படும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்துவிடும்.

அந்த மௌனத்தை நிதிப் பிரிவினர் பெரும்பாலும் "எல்லாருக்கும் புரிந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்டவருக்குப் புரியவில்லை என்றால் அந்தக் கணக்கு இன்னும் சொல்லப்படவில்லை என்றுதான் பொருள். புரியவைக்கும் பொறுப்பு முதலில் சொல்பவருடையது. கணக்கியலும் வணிகமும் படிக்கும் என்னைப் போன்ற மாணவர்கள் இதை வேலைக்குப் போன பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வேறு துறைகளில் படிப்பவர்களும் "இது நமக்கு வேண்டாத விஷயம்" என்று ஒதுங்க முடியாது. பொறியாளர், தாதி, ஆசிரியர், சமையல் கலைஞர் என யாராக இருந்தாலும் ஒருநாள் ஒரு வரவுசெலவுத் திட்டம் மேசைக்கு வந்துசேரும்.

சென்ற விடுமுறையில் ஒரு சிறிய விநியோக நிறுவனத்தில் வேலைப் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். அங்கு நடந்த மாதாந்தரக் கூட்டமும் மேலே சொன்ன மாதிரிதான் இருந்தது. கூட்டம் முடிந்து மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது, ஐம்பது வயதைத் தாண்டிய கிடங்கு மேற்பார்வையாளர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு நேரம் பேசினாங்களே, நம்ம கம்பெனி நல்லா இருக்கா, இல்லையா?"

"வியாபாரம் நல்லா இருக்கு அங்கிள். ஆனா சாமான் வாங்கினவங்க பணம் கட்ட ரொம்ப நாள் எடுக்கிறாங்க. அதனால கையில காசு கம்மியா இருக்கு" என்றேன்.

அவர் உடனே, "அதுக்குக் காரணம் எனக்குத் தெரியுமே! சாமான் இறக்கிட்டு கையெழுத்து வாங்குற டிஓவை எல்லாம் நாங்க வெள்ளிக்கிழமைதான் மொத்தமா மேல அனுப்புறோம். அது வந்தாதானே ஆபீஸ்ல பில் போடுவாங்க?" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மணி நேரக் கூட்டத்தில் யாரும் தொடாத காரணம் அது. திங்கட்கிழமை இறக்கிய சரக்குக்கு அடுத்த வாரம்தான் பில் போகிறது என்றால், பணம் வருவதும் ஒரு வாரம் தள்ளித்தானே போகும்? அந்தத் தகவல் கிடங்கில் இருந்தது. அது தேவைப்பட்டவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் தகவல் கைமாறவில்லை. திரையில் இருந்த "வர வேண்டிய கடன்களின் சராசரி நாள்" என்ற வரிசைக்கும் தம்முடைய டிஓ கட்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தெளிவாகப் பேசுவதை நாம் பெரும்பாலும் ஒரு மரியாதையாகப் பார்க்கிறோம். அதற்கும் மேலாக, அது ஒரு நிறுவனத்துக்குப் பணம் சேர்க்கும் வேலை. நம் எண்கள் சக ஊழியருக்குப் புரிந்தால், அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை அவர் நமக்குச் சொல்வார்.

லாபம் வேறு, கைப்பணம் வேறு

வணிகம் படிக்காதவர்களுக்கு அதிகம் குழப்பம் தருவது எது என்று கேட்டால் விற்பனை, லாபம், ரொக்கம் ஆகிய மூன்றையும் சொல்வேன். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்று கூடும்போது மற்றொன்று குறையலாம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். அலுவலகங்களுக்கு மதிய உணவு அனுப்பும் ஒரு சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ற காலாண்டில் விற்பனை 200,000 வெள்ளி. இந்தக் காலாண்டில் 240,000 வெள்ளி. அதாவது 20 விழுக்காடு கூடியிருக்கிறது. எல்லாச் செலவும் போக லாபம் 18,000 வெள்ளி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் பெரிய நிறுவனங்கள். சாப்பிட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருவார்கள். காலாண்டின் தொடக்கத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டியிருந்த பணம் 50,000 வெள்ளி. முடிவில் அது 110,000 வெள்ளி ஆகிவிட்டது. 60,000 வெள்ளி கூடுதலாக வெளியே நிற்கிறது. தேய்மானம் போன்றவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 18,000 வெள்ளி லாபம் ஈட்டிய அதே காலாண்டில் கைப்பணம் 42,000 வெள்ளி குறைந்திருக்கிறது. தொடக்கத்தில் வங்கியில் 65,000 வெள்ளி இருந்தது என்றால் இப்போது 23,000 வெள்ளிதான் இருக்கும். மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் 50,000 வெள்ளி வேண்டும்.

இப்போது "விற்பனை 20 விழுக்காடு உயர்வு" என்ற ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டுப் போன தலைமைச் சமையல்காரர் என்ன செய்வார்? புதிய அடுப்பு வேண்டும் என்று கேட்பார். விற்பனைப் பிரிவு இன்னும் இரண்டு பெரிய வாடிக்கையாளர்களைக் கடனுக்குப் பிடித்து வரும். அவரவர் வேலையை அவரவர் நன்றாகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு செயலும் நிறுவனத்தின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கும். மாதக் கடைசியில் சம்பளம் தாமதமாகும்போது, "வியாபாரம் நன்றாகத்தானே போகிறது, பணம் எங்கே போனது?" என்ற சந்தேகம் எழும். முதலாளிமீதும் நிதிப் பிரிவின்மீதும் நம்பிக்கை குறையும்.

இதே தகவலை எப்படிச் சொல்லியிருக்கலாம்? நான் இப்படி எழுதுவேன்:

"வரும் மாதக் கடைசியில் சம்பளத்துக்கும் வாடகைக்கும் 50,000 வெள்ளி வேண்டும். கையில் 23,000 வெள்ளி இருக்கிறது. எனவே 27,000 வெள்ளி குறைகிறது. விற்பனை குறையவில்லை, சென்ற காலாண்டைவிட 20 விழுக்காடு கூடியிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர்கள் 110,000 வெள்ளி தர வேண்டியிருக்கிறது. அதில் 40,000 வெள்ளியையாவது இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் வசூலிக்க விற்பனைப் பிரிவின் உதவி தேவை. அதுவரை புதிய சாதனம் எதுவும் வாங்க வேண்டாம். முழு விவரம் இணைப்பில்."

ஏழெட்டு வரிகள்தான். நிலைமை என்ன, ஏன் அப்படி ஆனது, யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பவை எல்லாம் வந்துவிட்டன. நாற்பது வரிசை அட்டவணையை யாரும் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது இணைப்பில் இருக்கட்டும். தேவைப்படுபவர் திறந்து பார்த்துக்கொள்வார்.

சிங்கப்பூரில் நடந்த பாடம்

புரியாத கணக்கால் ஒரு நிறுவனம் அழிந்துபோகுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, நம் ஊரில் நடந்த ஒரு நிகழ்வே இருக்கிறது. என் வயதுடையவர்கள் பிறப்பதற்கு முன்பு நடந்தது.

லண்டனில் 1762ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பேரிங்ஸ் வங்கி, 1995ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நொடித்துப்போனது. அதன் சிங்கப்பூர்க் கிளை நிறுவனத்தில் வேலை செய்த நிக் லீசன், ஜப்பானிய நிக்கேய் பங்குக் குறியீட்டை வைத்துச் செய்த வர்த்தகத்தில் ஏற்பட்ட நட்டங்களை 88888 என்ற எண்ணுடைய கணக்கில் மறைத்து வைத்திருந்தார். மொத்த நட்டம் 827 மில்லியன் பவுண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த வங்கியை ஐஎன்ஜி என்ற டச்சு நிறுவனம் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. லீசனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

மோசடி செய்தவர் லீசன். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் கவனிக்க விரும்புவது லண்டனில் இருந்தவர்களை. தாம் செய்யும் வர்த்தகத்தில் அபாயம் மிகக் குறைவு, லாபம் மிக அதிகம் என்று லீசன் காட்டிவந்தார். அதே நேரத்தில் அந்த வர்த்தகத்துக்காக மேலும் மேலும் பணம் அனுப்பும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். லண்டனும் பல நூறு மில்லியன் பவுண்டு அனுப்பியது. "அபாயமே இல்லாத வியாபாரத்துக்கு ஏன் இவ்வளவு பணம் தேவைப்படுகிறது? ஒரு பக்கத் தாளில் எழுதிக் காட்டுங்கள்" என்று உறுதியாகக் கேட்டு, பதில் வரும்வரை பணத்தை நிறுத்தி வைக்க ஒருவரும் இல்லை. வர்த்தகம் செய்வதும் அதைக் கணக்கில் பதிவதும் ஒரே ஆளின் கையில் இருப்பது தவறு என்று 1994ஆம் ஆண்டில் உள்தணிக்கை சொல்லியும் நிலைமை மாறவில்லை. பிறகு இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் நடந்த விசாரணைகள் மேலாளர்களின் கவனக்குறைவையும் சுட்டிக்காட்டின.

வங்கித் தொழிலிலேயே ஊறியவர்கள் அவர்கள். எதிர்காலப் பேரம், விருப்பத்தேர்வு ஒப்பந்தம் போன்ற புதிய சொற்களுக்கு முன்னால், "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லத் தயங்கியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்முடைய மாதாந்தரக் கூட்டத்தில் தலையசைப்பவர்களின் தயக்கமும் அதே வகைதான். தொகைதான் சிறியது.

மூன்று எண், மூன்றும் உண்மை

பொய் சொல்லாமலேயே ஒருவரைக் குழப்ப முடியும். நமக்கு நன்கு தெரிந்த பொருள், சேவை வரியையே எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி அது 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. எவ்வளவு உயர்வு?

"ஒரு விழுக்காட்டுப் புள்ளி" என்று ஒருவர் சொல்லலாம். எட்டு ஒன்பதானதால் "வரி 12.5 விழுக்காடு கூடியது" என்று இன்னொருவர் சொல்லலாம். முன்பு 108 வெள்ளி கொடுத்த பொருளுக்கு இப்போது 109 வெள்ளி கொடுப்பதால் "வாடிக்கையாளர் தரும் விலை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஏறியது" என்று மூன்றாமவர் சொல்லலாம். மூன்றும் சரி. எந்த எண்ணைச் சொல்கிறோம், எதனுடன் ஒப்பிடுகிறோம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் மூவரும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கடன் வட்டியில் இது இன்னும் ஆபத்தானது. ஒரு நிறுவனம் 40,000 வெள்ளிக்கு வேன் வாங்க ஐந்தாண்டுக் கடன் தேடுகிறது. ஓர் இடத்தில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்கிறார்கள். ஆனால் அது முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசிவரை போடப்படும் வட்டி. இன்னோர் இடத்தில் 4.5 விழுக்காடு. ஆனால் அது மாதாமாதம் கட்டிக் குறைந்துகொண்டே வரும் நிலுவைக்கு மட்டும் போடப்படுவது. எண்ணை மட்டும் பார்ப்பவர் 3 விழுக்காட்டைத்தான் தேர்ந்தெடுப்பார். அதில் மொத்த வட்டி 6,000 வெள்ளி. இரண்டாவதில் ஏறத்தாழ 4,740 வெள்ளி. முதல் கடனின் உண்மையான வட்டி விகிதம் ஏறத்தாழ 5.6 விழுக்காடு. வேன் வாங்கும் பொறுப்பிலுள்ள போக்குவரத்து மேலாளருக்கு நிதிப் பிரிவு அனுப்ப வேண்டியது விகிதங்களை அல்ல. "இதில் மொத்தம் 46,000 வெள்ளி கட்டுவோம், அதில் 44,740 வெள்ளி கட்டுவோம்" என்ற ஒரு வரியை.

கணக்குத் துறையினரின் சில பழக்கங்களும் மற்றவர்களுக்குப் பொறியாகின்றன. கணக்கறிக்கையில் ஓர் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டால் அது கழிக்கப்படுவது அல்லது நட்டம் என்று நமக்குத் தெரியும். தெரியாதவர் அதை ஏதோ கூடுதல் விவரம் என்றுதான் நினைப்பார். அட்டவணையின் மூலையில் "ஆயிரங்களில்" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்போம். அதைக் கவனிக்காதவர் 850 என்பதை 850 வெள்ளி என்றே படிப்பார். பற்று, வரவு என்ற இரண்டு சொற்களும் அப்படித்தான். வங்கி நமக்கு அனுப்பும் அறிக்கை வங்கியின் பார்வையில் எழுதப்பட்டது. நாம் போட்ட பணம் வங்கிக்குக் கடன். ஆகவே அது வரவுப் பக்கத்தில் இருக்கும். அதே பணம் நம் நிறுவனத்தின் ஏட்டில் பற்றுப் பக்கத்தில் இருக்கும். முதலாம் ஆண்டு மாணவர்களையே தடுமாறவைக்கும் இந்த விஷயத்தை விற்பனைப் பிரிவினர் பிறவியிலேயே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எல்லை தாண்டிய வணிகத்தில் குழப்பம் கூடும். சென்னை அலுவலகம் "2 கோடி" என்றால் இங்கே "20 மில்லியன்" என்று மாற்றிச் சொல்ல வேண்டும். அதோடு அது ரூபாயா, சிங்கப்பூர் வெள்ளியா என்றும் சொல்ல வேண்டும். அவர்களுடைய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். இங்குள்ள ஒரு நிறுவனம் ஜனவரி முதல் டிசம்பர்வரை கணக்கு வைத்திருக்கலாம். அப்போது "இந்த ஆண்டின் முதல் காலாண்டு" என்ற சொற்றொடர் இரண்டு இடத்திலும் இரண்டு வேறு காலத்தைக் குறிக்கும். நிறம்கூட ஏமாற்றும். நம் பங்குச் சந்தைத் திரையில் சிவப்பு என்றால் இறக்கம். சீனாவின் சந்தைத் திரைகளில் சிவப்பு ஏற்றத்தைக் காட்டும். ஷங்ஹாயில் உள்ள சக ஊழியருக்கு அனுப்பும் வரைபடத்தில் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

தமிழில் சொல்லிப் பாருங்கள்

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தம் நிறுவனத்தின் ஆண்டுக் கடிதத்தை எழுதும்போது, தம் சகோதரிகளான டோரிசிடமும் பெர்ட்டியிடமும் பேசுவதாக எண்ணிக்கொண்டு எழுதுவது வழக்கமாக இருந்தது. அவர்கள் அறிவுள்ளவர்கள், ஆனால் கணக்கியலிலோ நிதித்துறையிலோ நிபுணர்கள் அல்லர் என்று அவர் சொல்லியிருக்கிறார். இது இடம்பெற்றது, அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட எளிய ஆங்கிலக் கையேட்டுக்கு அவர் எழுதிய முன்னுரையில். நிறுவனங்கள் முதலீட்டாளர்களுக்குத் தரும் ஆவணங்களை எளிய நடையில் எழுத வேண்டும் என்று ஓர் அரசாங்க அமைப்பே கையேடு போட வேண்டியிருந்தது என்றால், பிரச்சினை எவ்வளவு பரவலானது என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

இருமொழிக் கல்வியில் வளர்ந்த நமக்கு இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. நாம் கணக்கியலை ஆங்கிலத்தில் படிக்கிறோம். பாடநூலின் சொற்களை அப்படியே திருப்பிச் சொன்னால் புரிந்ததுபோலத் தோன்றும். அதையே தமிழில் சொல்ல முயலும்போதுதான் நமக்கே எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரியும். "டிப்ரிசியேஷன்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். "தேய்மானம்" என்று சொன்னால் செருப்பு தேய்வதுபோல இயந்திரமும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்கிறது, அந்தத் தேய்வை ஆண்டுதோறும் செலவாக எழுதுகிறோம் என்று சொல்லே விளக்கிவிடுகிறது. "ரிசீவபல்ஸ்" என்பது "வர வேண்டிய பணம்" ஆனவுடன் அடுத்த கேள்வி தானாக வரும்: யாரிடமிருந்து? எப்போது வரும்?

அலுவலகக் கூட்டத்தைத் தமிழில் நடத்த வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் முன் ஒருமுறை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அந்தத் தெளிவோடு ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்கிறேன். அதோடு, லிட்டில் இந்தியாவிலும் ஜோகூரிலும் தமிழர்கள் நடத்தும் எத்தனையோ கடைகளிலும் உணவகங்களிலும் பட்டறைகளிலும் உரிமையாளரும் ஊழியர்களும் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். அங்கெல்லாம் இந்தத் திறன் நேரடியாகவே பயன்படும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. ஒருகாலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளில் தரையில் அமர்ந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார், தமிழில் பேரேடு எழுதினார்கள். கடல் தாண்டி ஊரில் இருந்த முதலாளிக்குக் கணக்கு அனுப்ப வேண்டிய நிலையில் பல முகவர்கள் இருந்தார்கள். தொலைபேசியில் கூப்பிட்டு விளக்கம் சொல்ல முடியாத காலம் அது. எழுதியனுப்பிய கணக்கு தானே பேச வேண்டியிருந்தது.

எளிமை என்றால் மழுப்பல் இல்லை

என் வகுப்பு நண்பர்களிடம் இதைப் பேசியபோது சில மறுப்புகள் வந்தன. அவற்றில் நியாயம் இருக்கிறது.

முதல் மறுப்பு: எளிமைப்படுத்தினால் துல்லியம் போய்விடும். நிதித் தகவலில் நிபந்தனைகள் உண்டு; அவற்றை விட்டுவிட்டால் தவறான எண்ணம் உண்டாகும். உண்மைதான். ஆனால் எளிமையாகச் சொல்வதற்காக நிபந்தனையை விட வேண்டியதில்லை. "அந்த ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும்" என்பது நிபந்தனையைச் சொல்லும் எளிய வாக்கியம். அதே நிபந்தனையை 27ஆம் பக்க அடிக்குறிப்பில் போட்டால் அது துல்லியம்தான், ஆனால் யாருக்கும் பயன்படாது. முக்கியமானதை முன்னால் வைப்பதும் துல்லியத்தின் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது மறுப்பு: எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்ல முடியாது. சம்பள விவரம், பேச்சுவார்த்தையில் உள்ள ஒப்பந்தம் போன்றவை இரகசியம். ஒப்புக்கொள்கிறேன். எதைச் சொல்வது என்பதை நிறுவனம் முடிவு செய்யட்டும். சொல்வது என்று முடிவான பிறகு, அதைப் புரியாதபடி சொல்வதில் யாருக்கு என்ன லாபம்? சில இடங்களில் கெட்ட செய்தியை அட்டவணைக்குள் புதைத்துவிட்டு, "நாங்கள்தான் சொன்னோமே" என்று பின்னால் தப்பித்துக்கொள்வதும் உண்டு. அது இரகசியம் காப்பது ஆகாது. நேர்மைக் குறைவு.

மூன்றாவது மறுப்பு: சக ஊழியர்களும் கொஞ்சம் படித்துக்கொள்ள வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கேட்பவருக்கும் கடமை உண்டு. 2013ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு மாணவர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காகப் புகழ்பெற்ற ஓர் ஆய்வுக் கட்டுரையின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஹார்வர்டு பேராசிரியர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் இருவரும் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை அது. அரசாங்கக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி மிகவும் குறைகிறது என்று அது சொன்னது. பல நாடுகளில் அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள்.

ஹெர்ண்டனுக்கு விடை ஒத்துவரவில்லை. கட்டுரையாளர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டார், அவர்களும் அனுப்பினார்கள். சராசரி காணும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. தரவுத் தேர்விலும் சராசரி கண்ட முறையிலும் வேறு குறைகளும் இருப்பதாக அவரும் அவருடைய பேராசிரியர்களும் எழுதினார்கள். அவர்கள் திருத்திப் போட்ட கணக்கில் அந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி, கழித்தல் 0.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாக மாறியது. ஹார்வர்டு பேராசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். தங்கள் அடிப்படை முடிவில் மாற்றமில்லை என்றும் சொன்னார்கள். யார் பக்கம் நியாயம் என்பது பொருளியலாளர்களின் விவாதம். எனக்குப் பிடித்தது, ஒரு மாணவர் "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டதும், கேட்கப்பட்டவர்கள் கோப்பைக் கொடுத்ததும்தான். அலுவலகத்திலும் அந்தக் கேள்விக்கு இடம் இருக்க வேண்டும்.

வளாகத்திலேயே தொடங்கலாம்

வேலை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம்மில் பலர் இணைப்பாட நடவடிக்கைகளிலும் தமிழ்ப் பேரவைகளிலும் நற்பணிக் குழுக்களிலும் இருக்கிறோம். அங்கே பொருளாளர் என்ற பொறுப்பு உண்டு. நாடகம் போடுகிறோம், பொங்கல் விழா நடத்துகிறோம், பள்ளி மாணவர்களுக்கு முகாம் நடத்துகிறோம். அரங்க வாடகை, உடை, உணவு, பேருந்து எனப் பணம் போகிறது. செயற்குழுக் கூட்டத்தில் பொருளாளர் எக்செல் தாளைக் காட்டினால், மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பணம் போதவில்லை என்று தெரியவரும்.

பொருளாளராக இருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். கூட்டத்தில் முதல் வாக்கியமாக, "நம்மிடம் இவ்வளவு இருக்கிறது, விழா முடிய இவ்வளவு தேவை, எனவே இவ்வளவு குறைகிறது" என்று சொல்லுங்கள். அடுத்து, போன முறையோடு ஒப்பிட்டு எந்தச் செலவு கூடியது, ஏன் என்று சொல்லுங்கள். பிறகு, குழுவிடமிருந்து உங்களுக்கு என்ன முடிவு வேண்டும் என்று கேளுங்கள். எண்களை முழுமைப்படுத்திச் சொல்லலாம். 4,987 வெள்ளி 35 காசு என்பதைப் பேச்சில் "ஏறத்தாழ 5,000 வெள்ளி" என்றால் போதும், சரியான தொகை தாளில் இருக்கும். கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். "அப்படியென்றால் உடைக்கு இன்னும் எவ்வளவு செலவழிக்கலாம்?" என்று உடைப் பொறுப்பாளரைக் கேளுங்கள். அவர் சரியான எண்ணைச் சொன்னால் உங்கள் கணக்கு அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பொருளாளராக இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புரியாத எண் வந்தால் கையைத் தூக்குங்கள். "இது போன மாதத்தோடு ஒப்பிட்டதா, போன ஆண்டோடு ஒப்பிட்டதா?", "இது கையில் இருக்கும் பணமா, இனிமேல் வர வேண்டியதா?" ஆகிய இரண்டு கேள்விகளுமே போதும். அதே சந்தேகம் பக்கத்தில் இருப்பவருக்கும் இருக்கும். பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் கணக்கியல் பாடத்தில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். அறிக்கை தயாரிக்கும் திட்டப்பணியோடு, அதைக் கணக்கியல் படிக்காத வேறு துறை மாணவர் ஒருவரிடம் ஐந்து நிமிடத்தில் விளக்கி, அவர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்வதற்கும் மதிப்பெண் தரலாம்.

கணக்குப் போடுவதை இயந்திரங்கள் ஏற்கெனவே நம்மைவிட வேகமாகச் செய்கின்றன. அந்தக் கணக்கைக் கிடங்கில் இருப்பவருக்கும் சமையலறையில் இருப்பவருக்கும் அவரவர் வேலையோடு தொடர்புபடுத்திச் சொல்லவும், அவர்கள் திருப்பிச் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவும் ஆள் வேண்டும். நான் பட்டம் பெற்று வெளியே வரும்போது அந்த வேலையைச் செய்யக்கூடியவளாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என்னோடு படிக்கும் உங்களையும் அதற்குத் தயாராகும்படி அழைக்கிறேன்.